முதல் நாள் முகம்

ஹாஜிரா பீ ஃபால் வைத்துத் தைத்தால் புடவை நைந்து போனாலும் ஃபால் நையாது என்று அம்மா சொல்வாள். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் முக்கோண இடம்தான் அவருடைய கடை. கால்மிஷின் ஒன்று, நூல்கண்டு மாட்டிய ஆணிப்பலகை, ஒரு ஸ்டூல். நிமிர்ந்தால் தலை படியில் இடிக்கும். அதனால் அவர் நிமிர்வதில்லை. வந்திருப்பது யார் என்று செருப்பை வைத்தே சொல்லிவிடுவார்.

இரண்டு வருடம் வெளிநாடுகளில் சுற்றிவிட்டு நான் அபிராமபுரத்து வீட்டுக்குத் திரும்பியிருந்த சமயம். அம்மா மூன்று புடவைகளைப் பையில் போட்டுக் கையில் திணித்தாள். "ஹாஜிராட்ட குடுத்துட்டு வா. வந்த நாள்லேர்ந்து ஆத்துல ஒரு நாழி உக்காரலை நீ. நடந்துண்டேதான் இருக்கணும்னா அந்தப் பக்கமா நட."

என் செருப்பு லாவோஸில் வாங்கியது. ஹாஜிரா பீக்கு அது பிடிபடவில்லை. படிக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா ஊர்சுத்தி! வந்துட்டியா? ஒலகம் அங்கயே கீதா, இல்ல சுருட்டி எட்த்துகினு வந்துட்டியா?"

"அங்கயேதான் இருக்குக்கா."

"அப்ப நீ எதுக்குத் திரும்பி வந்த?"

லாவோஸில் ஒரு மலைக் கிராமத்தில் குழந்தைகளுக்கு ஒரு மாதம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன், சம்பளம் இல்லாத வேலை, தங்க இடமும் சோறும் தருவார்கள் என்று பேச்சை மாற்றினேன். பூன்மியின் கதையையும் சொன்னேன். அதை நான் எல்லோரிடமும் சொல்வேன். முதல் நாள் மீன் படத்தைக் காட்டினால் உதட்டைக் கடித்துக்கொண்டு விழித்த ஏழு வயதுப் பெண், நான் கிளம்பும் நாளில், "டீச்சர், ஆற்றில் நிறைய மீன் இருக்கிறது, அடுத்த வருடம் வாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பஸ் மலையிறங்கும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன்.

ஹாஜிரா பீ நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "எம் பொண்ணு சிம்ராகிட்டயும் அப்டித்தான். வர்ற மிஸ்ஸுங்க எல்லாம் போகசொல்ல அழுதுகினேதான் போவும். தா பாரு."

ஆணிப்பலகையின் ஓரத்தில் ஒரு புகைப்படம் குத்தியிருந்தது. நீலச் சுடிதார் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண், இதே படிக்கு அடியில் குனிந்து ஹாஜிரா பீயின் தோளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கிளேர் மிஸ்ஸு. அயர்லாந்து. சுடிதார் நான் தெச்சுக் குட்த்தது. காசு வேணான்ட்டேன். கட்டிப் புட்ச்சிகினு அழுதுது பாரு, இந்தத் தெருவே வேடிக்கை பாத்துது."

அடையாறு பக்கம் ஒரு மாடியில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடக்கிறது. அயர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று எங்கிருந்தெல்லாமோ இளம் பெண்கள் வந்து, ஆளுக்கு இரண்டு வாரம் தங்கிச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சாய்நாத் என்பவர் அதைப் பார்த்துக்கொள்கிறார். சிம்ரா இரண்டாம் வகுப்பிலிருந்து அங்கே போகிறாள். இப்போது ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள்.

"நாலு வருஷமா வெள்ளக்காரிங்ககிட்டயே நேரா கத்துக்குது. அதுக்கு மேல இன்னாம்மா வோணும்?"

பெண் ஆங்கிலம் பேச வேண்டும் என்பதில் ஹாஜிரா பீக்கு அப்படி ஒரு பிடிவாதம் வந்த கதையை அன்றுதான் கேட்டேன். மீர்சாகிப்பேட்டையில் உருது மீடியத்தில் எட்டாவது வரை படித்தவர். கல்யாணமான புதிதில் கணவர் மெஹபூப் அலிக்குத் தண்ணீர் லாரியில் நிரந்தர வேலை கிடையாது. இவர் தி.நகரில் ஒரு பெரிய புடவைக்கடையில் ஃபால் தைக்கப் போனார். புடவை வாங்கியவர்கள் அங்கேயே நின்று ஃபால் வைத்து வாங்கிப் போகும்படி, தரைத்தளத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் மிஷினைப் போட்டிருந்தார்கள். ஒரு நாள் பட்டுப்புடவை வாங்கிய ஒரு அம்மாள் இவரைப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். மேனேஜர் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் பதில் சொன்னார். இரண்டு பேரும் இவருடைய கைகளைப் பார்த்தார்கள். மறுநாள் வேலைக்குப் போனால் மிஷின் பேஸ்மென்ட்டில், குடோனுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"இன்னாத்துக்குன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, வேலையப் பாருன்னாங்க. இன்னிவரைக்கும் தெரியாதும்மா, அந்தப் பொம்பள இன்னா சொல்லிச்சுன்னு. நல்லதாக் கூட சொல்லிருக்கலாம். ஆனா என் முன்னாலயே, என்னப் பத்தி, எனக்குப் புரியாம பேசனாங்க பாரு... எம் பொண்ணு முன்னால ஒருத்தியும் அப்டிப் பேசக்கூடாது."

ஆழ்வார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்பில் வருடத்துக்குச் சில பெண்களை ஃபீஸ் இல்லாமல் எடுக்கிறார்கள். எடுத்துவிட்டால் பன்னிரண்டாவது வரை கவலையில்லை. நுழைவுத் தேர்வு என்று எதுவும் கிடையாது, தலைமை ஆசிரியை கூப்பிட்டு ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்பார், அவ்வளவுதான். கடிதம் வந்துவிட்டது, இன்னும் இரண்டு வாரத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"கூட நீ வர்றியாம்மா? அங்க அவங்க இங்கிலீஷ்ல இன்னா சொல்றாங்கன்னு எனக்குச் சொல்றதுக்கு ஒரு ஆள் வோணும்."

வருகிறேன் என்றேன். அப்போதுதான் சிம்ரா பள்ளி விட்டு வந்தாள். எண்ணெய் வைத்த இரட்டைப் பின்னல், முழங்காலில் ஒரு பிளாஸ்திரி. உனக்கு என்ன பழம் பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் வைத்துப் படியின் அடிப்பக்கத்தைப் பார்த்து யோசித்தாள். "ஐ... லைக்கு... மேங்கோ?" என்றாள். கடைசி எழுத்தில் கண்கள் இரண்டும் பெரிதாகின. நான் என்னையறியாமல் கைதட்டினேன்.

நான்கு வருடத்துக்கு இது கொஞ்சம் குறைவுதானே என்று வீட்டுக்கு நடக்கும்போது தோன்றியது. கூச்சமாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டு, தினமும் மாலை நானே வந்து சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஏற்பாடு செய்துகொண்டேன். எனக்கும் பொழுது போக வேண்டியிருந்தது. முதல் சில நாட்கள் ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துத்தான் சொன்னாள். பிறகு சின்ன வாக்கியங்கள். இரண்டாவது வாரம் மளமளவென்று பேச ஆரம்பித்தாள். தன் வகுப்பில் ஒரு பையன் பல்லியைப் பிடித்து டீச்சர் பையில் போட்டதை, சிரிக்கச் சிரிக்க ஆங்கிலத்தில் முழுதாகச் சொன்னாள். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்ட ஹாஜிரா பீ, ஒரு சொல்கூடப் புரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கைராசிம்மா உனக்கு," என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நேர்காணல் அன்று அறைக்குள் பெற்றோருக்கு மட்டும்தான் அனுமதி என்றார்கள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். இஸ்திரி போட்ட புர்காவில் ஹாஜிரா பீ முன்னால் போக, சிம்ரா திரும்பி எனக்குக் கையசைத்துவிட்டு உள்ளே போனாள். போன வேகத்தில் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள்.

ஹாஜிரா பீ சிரித்துக்கொண்டிருந்தார். எங்கே போய் முடிவது என்று தெரியாத சிரிப்பு.

"ஆப்பிள் தெரியலியாம்மா இவளுக்கு. ஆப்பிளு! படத்தக் காட்டி இன்னான்னு கேட்டாங்க. இது கன்னத்துல வெரல வெச்சிகினு மேல பாக்குது. ஆ... ப்பி... ளுன்னு சொல்லிட்டு தானே கைதட்டிக்குது. பேரக் கேட்டாங்க, அதுக்கும் இழுவை. அப்பால ரெண்டு டீச்சருங்களும் அவங்களுக்குள்ள இங்கிலீஷ்ல ஏதோ பேசிக்கினாங்க. அடுத்த வருஷம் பாப்போம்மான்னு சொல்லி அனுப்பிட்டாங்க." சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்றுவிட்டது. மகளின் தோளைப் பிடித்து உலுக்கினார். "இன்னாடி ஆச்சு உனுக்கு? நேத்து அக்காகிட்ட கடகடன்னு பேசனே?"

சிம்ரா பயப்படவில்லை. எதற்குக் கேட்கிறார்கள் என்று புரியாதவள்போல எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"உள்ள இருக்கறவங்க புது மிஸ்தானே அம்மி? இன்னிக்குத்தானே ஃபர்ஸ்ட் டே?"

"அதுக்கு?"

"ஃபர்ஸ்ட் டேல தெரியக்கூடாது அம்மி. ரெண்டாவது வாரந்தான் தெரியணும்."

ஹாஜிரா பீயின் கை தோளிலேயே நின்றது. "யாரு சொன்னது?"

"சாய்நாத் அங்கிள். எல்லாப் பசங்களுக்கும் தெரியுமே. முதல்லயே பேசிட்டா மிஸ்ஸுக்கு மூஞ்சி தொங்கிப்பூடும். கொஞ்சங் கொஞ்சமா பேசனாத்தான் சந்தோசப்படுவாங்க. கடசீ நாள்ல நல்லா பேசனா அழுவாங்க. அப்பால அடுத்த மிஸ்ஸு வரும், திரும்பி ஏ பி சி டி."

நான் அவள் முன்னால் குனிந்தேன். "அப்போ என்கிட்ட?"

சிம்ரா என்னைப் பாவமாகப் பார்த்தாள். "நீயும் புதுசுதானேக்கா."

ஹாஜிரா பீயிடம் எண் வாங்கி சாய்நாத்துக்குப் போன் செய்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அவங்க அவ்ளோ தூரத்துலேர்ந்து சொந்தச் செலவுல வர்றாங்க. போன வருஷம் ஒரு பையன் முதல் நாளே சரளமா பேசிட்டான். வந்த பொண்ணு, அப்ப நான் எதுக்கு இங்கன்னு கேட்டுட்டு மூணாம் நாள் கிளம்பிப் போயிடுச்சு. சென்டர் நடக்கணும்ல? பசங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல, ஜாலியாத்தான் பண்றாங்க. திங்கக்கிழமை ரெண்டு பேர் புதுசா வர்றாங்க, சிம்ராவக் கண்டிப்பா அனுப்பச் சொல்லுங்க. அவதான் நம்ம பெஸ்ட் ஃபர்ஸ்ட் டே பொண்ணு."

போனை வைத்தேன். ஹாஜிரா பீ பெஞ்சின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார். "நாலு வருஷமா..." என்றார்.

சீட்டு கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நான் கதவைத் தட்டினேன்.

தலைமை ஆசிரியை பேனாவை மூடிக்கொண்டே நிமிர்ந்தார். பக்கத்தில் இன்னொரு ஆசிரியை ஃபைல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததை என்னால் முடிந்தவரை ஒழுங்காகச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு நம்பமுடியாததாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது.

"அஞ்சு நிமிஷத்துல இங்கிலீஷ் வந்துடுச்சுன்றீங்க," என்றார் தலைமை ஆசிரியை.

"ஒரு தடவை கேட்டுப் பாருங்க மேடம். ஒரே தடவை."

அவர் சலிப்போடு சிம்ராவின் பக்கம் திரும்பினார். ஹாஜிரா பீ குனிந்து மகளின் காதில் சொன்னார்: "இன்னிக்கு ரெண்டாவது வாரம். புரிஞ்சிதா?"

முன்பு நான் பேசியது உனக்குப் புரிந்ததா என்று தலைமை ஆசிரியை ஆங்கிலத்தில் கேட்டார். புரிந்தது மேடம் என்றாள் சிம்ரா. எல்லாமா? எல்லாம். சரி, அப்படியானால் நான் என்ன சொன்னேன், சொல்.

அவர் கேட்டது ஆப்பிளையும் பெயரையும் பற்றி. சிம்ரா அவற்றைச் சொன்னாள். அயர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் கலந்த, தடங்கலே இல்லாத ஆங்கிலம். அங்கே அவள் நிறுத்தவில்லை. எல்லாம் என்று சொல்லிவிட்டாள் அல்லவா? அடுத்து தலைமை ஆசிரியை பக்கத்து ஆசிரியையிடம் சொன்னதையும் சொன்னாள். அவருடைய குரலிலேயே, அவர் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, மேஜையை விரலால் இரண்டு தட்டு தட்டி.

"பாவம், அம்மா எதையோ நம்பிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பெண்ணுக்கு மண்டையில் ஒன்றுமில்லை. எடுத்தால் நமக்குத்தான் பாரம். அம்மாவிடம் தையல் மிஷின் இருக்கிறது இல்லையா? இவளுக்கு அது போதும்."

ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்த கைகள் நின்றன. தலைமை ஆசிரியையின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"இன்னா சொன்னா இப்போ?" என்றார் ஹாஜிரா பீ.

அவர் என்னைப் பார்த்தார். அதற்காகத்தான் என்னைக் கூட்டிக்கொண்டே வந்திருந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சிம்ரா. இன்னா சொன்ன?"

சிம்ரா அம்மாவைப் பார்த்தாள், தலைமை ஆசிரியையைப் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் வைத்து விட்டத்தைப் பார்த்தாள்.

"தெரியல அம்மி."

அந்த முகம் என்ன என்பது ஹாஜிரா பீக்கு இப்போது தெரியும். மெதுவாக அந்த விரலைப் பிடித்துக் கன்னத்திலிருந்து இறக்கினார். "இது எங்கிட்ட வோணாம். சொல்லு."

சிம்ரா தமிழில் சொன்னாள். ஒரு சொல் விடவில்லை.

ஹாஜிரா பீ முழுதும் கேட்டார். பெண்ணை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார், எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் புர்காவின் கைப்பகுதியைச் சரிசெய்துகொண்டார்.

"மிஷின் கீதும்மா. அது என்து. இவளுக்கு நான் சீட்டு கேக்குறேன்."

"உட்காருங்க," என்றார் தலைமை ஆசிரியை. மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் இருந்தன. அதுவரை அவர் யாரையும் உட்காரச் சொல்லியிருக்கவில்லை. சிம்ராவின் விண்ணப்பத்தைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஜூன் மாதம் வரட்டும் என்றார். சிம்ராவைப் பார்த்து ஆங்கிலத்தில் 'ஸாரி' என்றார். ஹாஜிரா பீயை அவரால் கடைசிவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆட்டோ லஸ் முனையைத் தாண்டியது. நான் பூன்மியை நினைத்துக்கொண்டிருந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு மீன் படத்தைப் பார்த்த அந்த முதல் நாளை. எனக்கு முன் அந்தக் கிராமத்துக்கு எத்தனை பேர் வந்து போயிருப்பார்கள் என்று நான் அங்கே யாரையும் கேட்டதில்லை. சாயங்காலங்களில் பள்ளிக்கூடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, வந்திருந்த நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டே இருப்போம். பூன்மி ஏதாவது கல்லை அடுக்கிக்கொண்டு எங்கள் காலடியிலேயே விளையாடிக்கொண்டிருப்பாள்.

கடைக்கு வந்ததும் ஹாஜிரா பீ மிஷின் முன்னால் உட்கார்ந்தார். அம்மாவின் புடவையில் கடைசி ஒன்று பாக்கி இருந்தது. ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார், ஏறவில்லை. சிம்ரா வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

"சென்டர்லயும் மிஸ்ஸுங்க உன் முன்னால பேசிக்குவாங்களா?"

"ம். எங்களுக்குத்தான் புரியாதே."

"இன்னா பேசுவாங்க?"

சிம்ரா ஸ்டூலில் காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள். வயிற்றுப்போக்கு, பாய்ஃபிரண்ட், சென்னை வெயில். கூவம் நாற்றம். யாருக்குத் தலையில் பேன், யாரைத் தூக்கி ஃபோட்டோ எடுத்தால் நன்றாக வரும், எந்தப் பிள்ளையின் அப்பா குடிகாரன். சாய்நாத் அங்கிளின் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருக்கும் பெயர். தெருவில் பார்த்த மாடுகளைப் பற்றிப் பேசுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். பத்து வயதுப் பெண். நான்கு வருடமாக அத்தனையையும் கேட்டு வைத்துக்கொண்டு, ஆ... ப்பி... ளு என்று கைதட்டியிருக்கிறாள்.

"திங்கக்கிழமை அங்க போகாத," என்றார் ஹாஜிரா பீ.

"சரி அம்மி."

அவர் புடவையை இழுத்து ஊசிக்கடியில் வைத்தார். பிறகு ஆணிப்பலகையின் ஓரத்திலிருந்த புகைப்படத்தைப் பார்த்தார்.

"அந்த கிளேர் மிஸ்ஸு. நான் சுடிதார் தெச்சுக் குட்த்தனே. இங்க வந்து கட்டிப் புட்ச்சிகினு அழுதுச்சே." மகளின் பக்கம் திரும்பினார். "அது என்னப் பத்தி இன்னா சொல்லிச்சு?"

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. சிம்ராவின் ஆள்காட்டி விரல் மெல்லக் கன்னத்துக்குப் போனது. கண்கள் படியின் அடிப்பக்கத்துக்கு உயர்ந்தன.

ஹாஜிரா பீ அந்த விரலைப் பார்த்தார். இந்த முறை அதை இறக்கவில்லை. குனிந்து மிஷினை மிதிக்கத் தொடங்கினார்.